தீயால் தீர்வதும் தீராததும்

பால், முட்டை, இறைச்சி, மீன் ஆகியவற்றின் வழியாக மனிதருக்கு வரக்கூடிய கேடுகளுள் இரண்டை உணவுப் பாதுகாப்பு ஆய்வுகள் தனித்தனியே பிரித்துப் பார்க்கின்றன. ஒன்று, சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர், ஈ.கோலை போன்ற நோய் தரும் பாக்டீரியா. மற்றொன்று, கால்நடைக்கும் கோழிக்கும் இறாலுக்கும் கொடுத்த மருந்தில் உடலிலிருந்து வெளியேறாமல் தங்கிவிட்ட எச்சம். பாக்டீரியா உயிருள்ளது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் பெருகும். நன்றாக வேகவைத்தால் சாகும். மருந்து எச்சம் வேதிப்பொருள். அது பெருகாது, ஆனால் பல மருந்துகள் அடுப்புச் சூட்டில் முழுதாக அழிவதுமில்லை. பாக்டீரியா சில மணி நேரத்திலோ சில நாளிலோ வாந்தி, பேதி, காய்ச்சல் என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். எச்சத்தை நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு. பண்ணையில் கொடுத்த மருந்துக்குப் பழகி, அதற்கு அடங்காமல் போன பாக்டீரியா அது. எச்சமும் கிருமியும் ஒரே ஆய்வுத் துறைக்குள் வருவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

தீவனத்துக்குள் மருந்து வந்த கதை

இந்தக் கதையில் சென்னையின் திருவல்லிக்கேணிக்கும் ஓர் இடம் உண்டு. பெரிய தெருவிலுள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி வழியாக அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1940-களில் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சி இயக்குநராக அவர் இருந்தார். அங்குதான் தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர், மிசௌரி பல்கலைக்கழக நிலத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரி ஒன்றிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். 1948-இல் அறிவிக்கப்பட்ட அந்த மருந்தின் வேதிப்பெயர் குளோர்டெட்ராசைக்ளின். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் உறுப்பினர் அது. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார்.

அதே ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் இருவரும் கோழித் தீவனத்துக்கு மலிவான வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தனர். ஆரியோமைசின் தயாரித்தபின் மிஞ்சிய நொதிப்புக் கழிவைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தபோது, வைட்டமின் அளவை மட்டும் வைத்து விளக்க முடியாத அளவுக்கு அவை எடை கூடின. அந்தக் கழிவில் ஒட்டியிருந்த சிறிதளவு மருந்தே காரணம் என்பது 1950-வாக்கில் தெளிவானது. நோயில்லாத கோழிக்கும் பன்றிக்கும் நாள்தோறும் தீவனத்தில் சிறிதளவு மருந்து கலக்கும் வழக்கம் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவியது. மருந்து எடையைக் கூட்டுவது எப்படி என்பதற்கு இன்றும் ஒரே விடை இல்லை. குடலிலுள்ள பாக்டீரியா குறைவதும் குடல் அழற்சி தணிவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

வளர்ச்சிக்காக மருந்து போடுவதை 1986-இல் ஸ்வீடன் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் நாளிலிருந்து அதை முழுதாக நிறுத்தியது. கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்ற பேச்சு தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. ஆனால் ஆறு வாரத்துக்குள் ஒரு குஞ்சு இரண்டு கிலோ எடைக்கு வருவதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாக நடந்த இனத்தேர்வும் சத்து மிகுந்த தீவனமும்தான். ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்குத் தனித்தனியே ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டாது. கோழியில் தேட வேண்டியது ஹார்மோனை அல்ல, ஆன்டிபயாட்டிக்கை.

உடலில் எத்தனை நாள்

விலங்கின் உடலுக்குள் போன மருந்து இரத்தத்தில் கலந்து தசை, ஈரல், சிறுநீரகம், கொழுப்பு ஆகியவற்றுக்குப் பரவுகிறது. பிறகு ஈரலில் சிதைந்தோ சிறுநீரில் கலந்தோ மெல்ல வெளியேறுகிறது. மருந்தைச் சிதைப்பதும் வெளியேற்றுவதும் ஈரல், சிறுநீரகத்தின் வேலை என்பதால் பெரும்பாலான மருந்துகளின் எச்சம் தசையைவிட அங்கேதான் கூடுதலாக இருக்கும். டெட்ராசைக்ளின் கால்சியத்தோடு பிணையும் இயல்புடையது. ஆகவே எலும்பிலும் முட்டை ஓட்டிலும் தங்கும். கோழிக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின் உடலுக்குள் சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் மனிதருக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை.

கடைசித் தவணை மருந்துக்கும் கறவைக்கோ அறுப்புக்கோ இடையில் விட வேண்டிய இடைவெளியைக் காத்திருப்புக் காலம் எனலாம். இந்திய மருந்து விதிகளில் 2012-இல் செய்த திருத்தம், கால்நடை மருந்தின் சீட்டில் இந்தக் காலத்தை அச்சிட வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட காலம் வரையறுக்கப்படாத மருந்தானால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். மீனுக்கு 500 பாகை-நாள். அதாவது நீரின் வெப்பநிலையை நாளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 500 வர வேண்டும். குளத்து நீர் 28 பாகை செல்சியஸ் இருந்தால் ஏறத்தாழ 18 நாள் ஆகும். குளிர்ந்த நீரில் மீனின் உடல் மந்தமாக இயங்குவதால் கூடுதல் நாள் தேவைப்படும்.

முட்டையில் சிக்கல் வேறு விதமானது. ஒரு மஞ்சள் கரு முழுதாகத் திரள ஏறத்தாழ 10 நாள் ஆகிறது. இன்று கொடுத்த மருந்து, இன்னும் இடப்படாமல் சினைப்பையில் வரிசையாக வளர்ந்துகொண்டிருக்கும் பல கருக்களில் படிகிறது. ஆகவே மருந்தை நிறுத்திய பிறகும் அடுத்தடுத்த முட்டைகளில் எச்சம் வரலாம்.

பாலில் எச்சம் வருவதற்குப் பெரும் காரணம் மடிநோய். மடி வீங்கிய பசுவின் காம்புக்குள் குழாய் வழியாகப் பென்சிலின் போன்ற மருந்தை நேரடியாகச் செலுத்துவார்கள். அந்தப் பாலைக் குறித்த காலம் வரை கீழே கொட்ட வேண்டும். ஒரு பசு வைத்திருப்பவருக்கு அது ஒரு வார வருமானம். கொட்டாமல் கூட்டுறவுச் சங்கத்தின் கேனில் ஊற்றிவிட்டால் மொத்தக் கேனும் எச்சமுள்ள பாலாகிவிடும்.

பாலில் மருந்து இருப்பதை முதலில் உணர்ந்தவை பால் பண்ணை ஆலைகள்தான். தயிரைத் தோய்க்கும் நுண்ணுயிரிகளுள் ஒன்றான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபைலஸ், பென்சிலின் மிகச் சிறிதளவு இருந்தாலும் வளராது. உறைமோர் ஊற்றியும் பால் தோயாமல் போகும். வீட்டில் தயிர் தோயாததற்குக் குளிரும் பழைய உறைமோரும்கூடக் காரணமாகலாம் என்பதால் அதை மட்டும் சோதனையாகக் கொள்ள முடியாது. ஆனால் அதே தத்துவத்தில்தான் பின்னாளில் ஆய்வுக்கூடச் சோதனைகள் உருவாயின.

அளவும் தடையும்

எச்சம் சிறிதும் இருக்கக் கூடாது என்பது எல்லா மருந்துக்குமான விதி அல்ல. ஒரு மருந்தை ஒருவர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் எவ்வளவு வரை உட்கொண்டால் கேடில்லை என்பதை விலங்குச் சோதனைகளிலிருந்து கணித்து, அதற்குப் பாதுகாப்பு இடைவெளியும் விட்டு ஓர் அளவு வகுக்கப்படுகிறது. டெட்ராசைக்ளின் குடும்பத்துக்கு அது உடல் எடையில் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 1,800 மைக்ரோகிராம். ஒருவர் ஒரு நாளில் 300 கிராம் இறைச்சி, 100 கிராம் ஈரல், 50 கிராம் சிறுநீரகம், 50 கிராம் கொழுப்பு, 100 கிராம் முட்டை, ஒன்றரை லிட்டர் பால் அனைத்தையும் உண்பதாகவே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் உணவிலும் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்று பிரித்துக் கணக்கிடுகிறார்கள். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு வைத்துள்ள வரம்பு இறைச்சியில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், முட்டையில் 400, ஈரலில் 600, சிறுநீரகத்தில் 1,200. பாலில் லிட்டருக்கு 100. பென்சிலின் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் பாலில் அதன் வரம்பு லிட்டருக்கு 4 மைக்ரோகிராம் மட்டுமே.

வரம்பின் விளிம்பில் உள்ள கோழிக்கறியில் 300 கிராம் உண்டால் உடலுக்குள் போகும் ஆக்சிடெட்ராசைக்ளின் 60 மைக்ரோகிராம். மனிதர் விழுங்கும் 250 மில்லிகிராம் டெட்ராசைக்ளின் மாத்திரையில் இருப்பது அதைப் போல நாலாயிரம் மடங்குக்கும் மேல். எனவே வரம்புக்குட்பட்ட எச்சம் நேரடியாக நஞ்சாகிறது என்று அஞ்சத் தேவையில்லை. கவலை தருவன வரம்பு மீறிய எச்சமும் வரம்பே வகுக்க முடியாத மருந்துகளும்.

வரம்பு வகுக்க முடியாதவற்றுள் இரண்டு முக்கியமானவை. குளோரம்பெனிகால், அரிதாக எலும்பு மச்சையின் இரத்த உற்பத்தியையே நிறுத்திவிடும். எவ்வளவு குறைந்தால் கேடில்லை என்று சொல்ல முடியாது. நைட்ரோஃபியூரான் மருந்துகள் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று கருதப்படுகின்றன. அவற்றின் சிதைவுப் பொருள்கள் திசுப் புரதத்தோடு பிணைந்து வாரக்கணக்கில் தங்கும், சமைத்தாலும் போகா. இவ்விரண்டையும் உணவுக்காக வளர்க்கும் எல்லா விலங்குகளுக்கும் இந்திய அரசு 2025-இல் தடை செய்தது. கடலோர இறால் பண்ணைகளில் தடை அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. 2002-வாக்கில் ஆசிய நாடுகளின் இறாலில் இம்மருந்துகளைக் கண்ட ஐரோப்பா, சரக்குகளைத் திருப்பி அனுப்பியதே அதற்குத் தூண்டுதல்.

ஆய்வுக்கூடத்தில்

எச்சம் தேடும் வேலை இரு படிகளில் நடக்கிறது. முதற்படி சலித்தெடுப்பு. மருந்துக்கு எளிதில் சாகும் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபைலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளை ஊதா நிறச் சாயத்தோடு கலந்து வைத்த சிறு குப்பியில் சில சொட்டுப் பால் விட்டு, 64 பாகைச் சூட்டில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வைப்பார்கள். பாலில் மருந்து இல்லையென்றால் பாக்டீரியா வளர்ந்து அமிலம் சுரக்கும், சாயம் மஞ்சளாகும். மருந்து இருந்தால் ஊதா ஊதாவாகவே நிற்கும். எந்த மருந்து, எவ்வளவு என்பது இதில் தெரியாது. இரண்டாம் படியில், திரவ நிறப்பகுப்புக் கருவி மருந்தைப் பிரிக்க, நிறைமாலைமானி அதன் மூலக்கூறு உடையும் விதத்தை வைத்து அடையாளம் காணும். கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவானதை, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கை, இக்கருவி அளந்துவிடும். நீதிமன்றத்தில் நிற்பது இரண்டாம் படியின் முடிவே.

பாக்டீரியாவைத் தேடுவது வேறு வகை. சால்மொனெல்லாவைப் பொறுத்தவரை 25 கிராம் மாதிரியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. ஒன்றிரண்டு கிருமிகளை நேராகப் பார்க்க முடியாது என்பதால் முதலில் சத்து நீரில் ஓர் இரவு வளர்த்து, பிறகு பிற பாக்டீரியாவை அடக்கும் ஊடகத்தில் பெருக்கி, அதன்பின் தட்டில் தீற்றுவார்கள். எக்ஸ்எல்டி என்ற சிவந்த தட்டில் சால்மொனெல்லா கறுத்த நடுவோடு திரளும். உறுதிசெய்ய நான்கைந்து நாள் ஆகும். முடிவு வருவதற்குள் அந்தக் கறி தின்று தீர்ந்திருக்கும். ஆகவே கிருமிச் சோதனை ஒரு கிலோ கறியைக் காப்பதற்கானது அல்ல. ஒரு கடையோ பண்ணையோ எப்படி இயங்குகிறது என்பதை அறிவதற்கானது.

தமிழ்நாட்டில் இத்தகைய பணிகள் பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. சட்டப்படி எடுத்த மாதிரிகள் கிண்டி கிங் நிலைய வளாகத்திலுள்ள உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போகின்றன. கோழி, கறவை மாடு பற்றிய ஆராய்ச்சியை 1989-இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும், அதன் கீழ் வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கல்லூரிகளும் செய்கின்றன. இறால், உவர்நீர் மீன் ஆய்வு சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள மத்திய நிறுவனத்தின் பொறுப்பு.

இதுவரை வெளிவந்த கணக்கெடுப்புகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் அந்நகர வட்டாரத்தில் வாங்கிய 70 கோழி மாதிரிகளுள் 40 விழுக்காட்டில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. தேடிய ஆறு மருந்துகளுள் லெடர்லேயின் குளோர்டெட்ராசைக்ளினும் ஒன்று. நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்ததில் 77-இல் மட்டுமே மருந்து வரம்பு மீறியிருந்தது. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு வரம்புக்கு மேல் இருந்தது. அதில் முன்னணியில் நின்ற மாநிலங்களுள் தமிழ்நாடும் உண்டு. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கையும் தீவனத்தையும் மாடு தின்பதால் வரும் இந்த நஞ்சு, பாலைக் காய்ச்சினாலும் போகாது.

கடைக்கும் அடுப்புக்கும் நடுவே

பாக்டீரியா சேரும் வழிகளைத் திருவல்லிக்கேணியின் ஒரு நாள் உணவிலேயே காணலாம். ஜாம் பஜாரிலும் சுற்றுத் தெருக்களிலும் கோழியைக் கண்ணெதிரே அறுத்துத் தருகிறார்கள். கறி புதியது, பதப்படுத்தி வைத்த பழைய சரக்கு அல்ல. ஆனால் சால்மொனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் இருப்பது கோழியின் குடலில். குடல் கிழிந்தாலோ, ஒரே கட்டையும் கத்தியும் நாள் முழுதும் புழங்கினாலோ, ஒரு கோழியின் கிருமி அடுத்தடுத்த கோழிகளுக்கு ஏறும். ஆட்டுக்கு மாநகராட்சியின் ஆட்டுத்தொட்டி என்ற அறுப்புக்கூடம் உண்டு; அறுப்பதற்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை இடும் முறை உண்டு. தெருக்கடைக் கோழிக்கு அந்தப் பார்வை பெரும்பாலும் இல்லை.

வீட்டில் கறியைக் குழாயடியில் கழுவினால் கிருமி குறையாது. தெறிக்கும் நீரில் பக்கத்திலுள்ள தக்காளிக்கும் தட்டுக்கும் போகும். கறியின் நடுப்பகுதி 74 பாகையைத் தொட்டால் சால்மொனெல்லா உடனே சாகும். பாலுக்கு 72 பாகையில் 15 நொடி போதும். நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சும் வழக்கம் இதைவிடக் கடுமையானது. காசநோய், புருசெல்லா கிருமிகள் அதில் தப்பா.

வேகவைக்காமல் உண்பதில்தான் ஆபத்து நேரடியானது. சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் கோழியின் சினைப்பையிலேயே புகுந்து, ஓடு மூடுவதற்கு முன்பே முட்டைக்குள் சேரக்கூடியது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வெந்த உணவும் முழுப் பாதுகாப்பு அல்ல. அண்டாவில் தம் போட்ட பிரியாணியில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆனால் கறியில் உள்ள கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸின் வித்துகளும் அரிசியில் உள்ள பேசில்லஸ் சீரியஸின் வித்துகளும் கொதியைத் தாங்கும். பெரிய அண்டா மெல்ல ஆறும்போது நடுப்பகுதி 43 முதல் 47 பாகை வரை நெடுநேரம் நிற்கும். பெர்ஃப்ரிஞ்சன்ஸுக்கு அதுவே உகந்த சூடு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சீரியஸ் சோற்றில் சுரக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 60 பாகைக்கு மேல் சூடாகவே வைத்திருப்பது, அல்லது அகலமான தட்டுகளில் பரப்பி விரைவில் ஆற வைத்துக் குளிர்பெட்டியில் வைப்பது, இரண்டில் ஒன்றுதான் வழி.

கடற்கரையில் விற்கும் மீனிலும் இதே கதை உண்டு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அவற்றிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றும். அதை உண்டவருக்கு முகம் சிவந்து, தடித்து, தலை வலிக்கும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் ஹிஸ்டமின் குறையாது.

மருந்துக்கு அடங்காத கிருமி

பண்ணையில் நாள்தோறும் சிறிதளவு மருந்து புழங்கும்போது, அதைத் தாங்கும் பாக்டீரியா மட்டும் மிஞ்சிப் பெருகுகிறது. தாங்கும் திறனைத் தரும் மரபணு பல நேரம் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருக்கும். அந்த வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, வேற்று இனத்துக்குக்கூடத் தாவும். வேகாத கறியின் வழியாகவோ, கோழி எருவின் வழியாகவோ, பண்ணை வேலையாளின் கை வழியாகவோ மனிதக் குடலை எட்டினால் அங்கேயும் மரபணு கை மாறும்.

சென்னை இந்த ஆய்வில் முன்பே இடம்பெற்றது. வலிமையான பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சிதைக்கும் என்டிஎம்-1 மரபணு பற்றி 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அந்த மரபணு உள்ள 44 பாக்டீரியா மாதிரிகள் சென்னையில் கிடைத்திருந்தன. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கான சென்னைப் பிரகடனத்தை வகுத்தன.

என்டிஎம்-1 உள்ள கிருமி தொற்றிய நோயாளிக்கு மருத்துவர் கையில் மிஞ்சும் கடைசி மருந்துகளுள் ஒன்று கொலிஸ்டின். அதையே இந்தியப் பண்ணைகளில் கோழியின் எடை கூட்டப் பயன்படுத்தினர். கொலிஸ்டினைத் தாங்கும் எம்சிஆர்-1 மரபணு பிளாஸ்மிட்டில் தாவுவதை 2015-இல் சீன ஆய்வாளர்கள் பன்றியிலும் கோழிக்கறியிலும் மனிதரிடமும் கண்டனர். சென்னை மருத்துவர் அப்துல் கஃபூரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினரும் இந்திய உணவு மாதிரிகளில் கொலிஸ்டினுக்கு அடங்காத ஈ.கோலை, கிளெப்சியெல்லா இரண்டும் இருப்பதை 2019-இல் வெளியிட்டனர். கொலிஸ்டின் மூலக்கூறு பெரிதாதலால் தட்டில் மருந்து வில்லை வைக்கும் வழக்கமான சோதனையில் அது சரியாகப் பரவாது. நீர்ம ஊடகத்தில் படிப்படியாகக் குறைத்துச் சோதிக்க வேண்டும். எளிய கூடங்களில் இந்த எதிர்ப்பு கண்ணில் படாமல் போனதற்கு இதுவும் காரணம். 2019 ஜூலையில் உணவு விலங்குகளுக்குக் கொலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய அரசு தடை செய்தது.

எது எங்கே தீர்கிறது

பாக்டீரியாவைக் கடையின் துப்புரவும் ஐஸும் அடுப்பும் பெரும்பாலும் தீர்க்கின்றன. கறிக்கும் காய்க்கும் தனிப் பலகை, நடு வரை வேகவைத்தல், ஆறிய சோற்றை வெளியில் வைக்காதிருத்தல் ஆகியவை நுகர்வோர் கையில் உள்ளவை. மருந்து எச்சத்தை நுகர்வோர் எதுவும் செய்ய முடியாது. டெட்ராசைக்ளின் சமைக்கும்போது ஓரளவு சிதையும். என்ரோஃப்ளாக்சசின் அவ்வளவாகச் சிதையாது. காத்திருப்புக் காலத்தைப் பண்ணையில் கடைப்பிடிப்பது ஒன்றே வழி. எதிர்ப்புக் கிருமிக்கோ, மருந்தின் தேவையையே குறைக்கும் தடுப்பூசி, நெரிசலற்ற கொட்டகை, நல்ல குடிநீர் ஆகியவைதான் மருந்து.

பண்ணையைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு ஏற்றுமதி இறாலே சான்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையத்தில் குளம் பதிவாகிறது. ஏற்றுமதிக்கான இறால் பிடிப்பதற்கு முன்பே தடை மருந்துகளுக்குச் சோதிக்கப்படுகிறது. எச்சம் தெரிந்தால் எந்தக் குளம் என்று தேடிப்போக முடிகிறது. ஜாம் பஜாரில் வாங்கும் கோழிக்கு அப்படி ஒரு சீட்டு இல்லை. எந்தக் கொட்டகையில் வளர்ந்தது, கடைசியாக எந்த மருந்து எந்த நாளில் கொடுத்தார்கள் என்பது விற்பவருக்கும் தெரியாது. உள்ளூர்ச் சந்தைக்கு வரும் கோழிக்கும் பாலுக்கும் அந்தப் பதிவு வராத வரை, ஆய்வுக்கூடங்கள் எச்சத்தைக் கண்டுபிடிக்கும். அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல இயலாது.